பென்சில் எழுத்தும் பத்துப் புள்ளியும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் மானிப்பாய்க்கு வந்திருந்தான். சிறு வயதிலே புலம்பெயர்ந்தவன். ஹொக்கி வீரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகளைச் சேர்ப்பது அவனது பொழுதுபோக்கு. அலுமாரியிலிருந்த அப்பாவின் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, இது பிரட்மன் அல்லோ! இதைக் கிரேடிங்குக்கு அனுப்பாமல் ஏன் சும்மா வைச்சிருக்கிறியள்?"

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். சிகரெட் பெட்டிகளுக்குள் படஅட்டை வைத்து விற்பது ஒரு காலத்து வியாபார உத்தி. இங்கிலாந்தின் ஜோன் பிளேயர் நிறுவனம் 1938இல் கிரிக்கெட் வீரர்களின் 50 அட்டைகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டது. மலாயா றெயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த அப்பா புகைப்பவர் அல்லர். கந்தோரில் இருந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர்களிடம் கேட்டு வாங்கி அவற்றைச் சேர்த்தார். பசை தடவி ஒட்டாமல் மூலைக் கடதாசியில் செருகி வைத்தார். யப்பானியர் மலாயாவுக்கு வருமுன்னரே அந்த ஆல்பம் அவரது பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

மருமகன் சொன்ன கிரேடிங் என்பது இதுதான். அட்டையை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அது போலியா அசலா என்று முதலிற் பார்ப்பார்கள். பின்னர் மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் பாங்கு ஆகியவற்றைச் சோதித்து, 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. இவற்றுட் பிரபலமானது.

புள்ளிக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு அவன் ஓர் உதாரணம் காட்டினான். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் வெளியிட்ட வெய்ன் கிறெட்ஸ்கியின் முதலாவது அட்டை, 10 புள்ளி பெற்றது ஒன்று, 2021இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்றாம். அதே அட்டைக்குப் போலிகளும் உலாவுகின்றன. அவனும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான்.

"அதைக் கட்டாயம் அனுப்பு, தம்பி" என்றேன். முகம் அறியாதவரிடம் வாங்கி, முகம் அறியாதவருக்கு விற்கும் பொருளுக்கு மூன்றாமவரின் சாட்சி வேண்டும்.

ஆனால் சாட்சியும் தவறக்கூடும். பத்திரிகைத் தொழிலில் 40 ஆண்டுகள் இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் தாங்கிய, ஏறத்தாழ 1909ஆம் ஆண்டின் சிகரெட் அட்டையொன்றை 1991இல் கிறெட்ஸ்கியும் அவரது பங்காளியும் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. அதற்கு 8 புள்ளி வழங்கியது. அந்த அட்டையின் விளிம்புகளைத் தானே வெட்டிச் சீர்செய்ததாக, முன்பு அதனை விற்ற பில் மாஸ்ட்ரோ என்பவர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உறையின் மேலிருந்த எண்ணை எல்லோரும் நம்பினார்கள். உள்ளிருந்த அட்டையோ கத்தி பட்டது.

இனி எங்கள் பிரட்மனுக்கு வருகிறேன். அட்டையின் பின்புறத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "நேரில் கண்டேன். கொழும்பு ஓவல், மார்ச் 1948." அப்போது விடுமுறையில் ஊர் வந்திருந்தவர், யாழ்தேவி இல்லாத அந்தக் காலத்தில் இரவு றெயிலேறிப் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். இங்கிலாந்து செல்லும் வழியில் பிரட்மனின் அணி ஆடிய ஒருநாள் ஆட்டம். இலங்கை அணியின் தலைவர் மகாதேவன் சதாசிவம். சதாசிவத்துக்கு அட்டை போட எவரும் இல்லையே என்பது அப்பாவின் தீராத குறை.

அட்டையின் ஒரு மூலை ஊதிப்போயிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவு, எண்பது வயது அப்பா காணி உறுதிகள் இருந்த உரப்பைக்குள் ஆல்பத்தையும் திணித்துக்கொண்டார். பையின் அடியில் மழைநீர் புகுந்துவிட்டது. உறுதிகளும் அட்டையும் ஒன்றாகவே நனைந்தன.

"பென்சில்தானே மாமா, பக்குவமா அழிச்சால் கூடப் புள்ளி கிடைக்கும்" என்றான் மருமகன்.

"அழிச்சுப்போட்டு அனுப்பினால், அது ஆற்றை அட்டை?" என்று கேட்டேன். அவன் பேசவில்லை. எழுத்தை அழித்து மறைப்பதும் விளிம்பை வெட்டி மறைப்பதும் ஒரே சாதிக் காரியங்கள்தாம்.

என் முடிவு இதுதான். விற்பதற்கென்றால், விலை மதிப்பும் போலிப் பயமும் உள்ள அட்டையை மட்டும் அனுப்புங்கள். கட்டணம், தபாற்செலவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்து அட்டையின் விலையை விழுங்கிவிடக் கூடாது. பிளேயர் அட்டைகள் பெருந்தொகையாக அச்சானவை. அவற்றுட் பல இன்றும் மலிவு. விற்க எண்ணாதவர்கள் அமிலமற்ற உறையிலிட்டு, ஈரமும் வெயிலும் படாமல் வைத்தாற் போதும். இரு பக்கத்தையும் படம் எடுத்து, யாரிடமிருந்து வந்தது என்று தனியே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

புறப்படும் நாளன்று ஆல்பத்தை அவனிடமே கொடுத்தேன். எனக்குப் பிறகு இந்த வீட்டில் அதைப் பார்ப்பதற்கு ஆளில்லை. விமானத்தில் அதைப் பெட்டியிற் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு போனதாகப் பிறகு தொலைபேசியிற் சொன்னான். பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறதாம்.