திறந்து, அளந்து, பிறகு

1970களில் ஜப்பானில் செய்யப்பட்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று இன்று ஒரு பக்கம் மட்டும் பாடினாலோ, வால்யூம் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரத்தாலோ, அதைப் பழுது பார்ப்பதா, கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்குப் பெரும்பாலானோர் விலையைக் கொண்டோ, அப்பொருளின் மீதுள்ள பற்றைக் கொண்டோ விடை தேடுகிறார்கள். இரண்டும் பொருட்படுத்த வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்பாக, அந்தக் கருவிக்குள் எந்த உறுப்பு கெட்டிருக்கிறது, அது இன்றும் கிடைக்கக்கூடியதா, அல்லது அதைச் செய்துவந்த தொழிலே மறைந்துவிட்டதா என்பதை அறிய வேண்டும். அதை அறியாமல் எடுக்கும் முடிவு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த முடிவே ஆகும்.

ஆம்ப்ளிஃபயரின் வேலை, நலிந்த மின்குறிப்பொன்றை வாங்கி, அதன் வடிவம் குலையாமல், ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குவது. இசைத்தட்டு ஊசி தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. ஸ்பீக்கருக்குச் சென்று சேர்வதோ பத்து, இருபது வோல்ட். இடையில் சேரும் வலு முழுவதும் வீட்டு மின்சாரத்திலிருந்து வருவது: மின்மாற்றி அதைத் தணித்துக் கொடுக்க, டையோடுகள் ஒருதிசைப்படுத்த, உருளை வடிவப் பெரிய மின்தேக்கிகள் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து சேமித்து வைக்க, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் அந்தச் சேமிப்பிலிருந்து இசையின் வடிவத்துக்கேற்ப அளந்து விடுகின்றன. இந்த வரிசையில் எது தேயும், எது தேயாது என்பதே பின்னால் எடுக்க வேண்டிய முடிவின் அடிப்படை.

அந்தத் தலைமுறைக் கருவிகள் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஜப்பானியரின் கைத்திறனை மட்டும் காரணமாகச் சொல்லும் வழக்கம் உண்டு; அத்துடன் ஒரு சட்ட விதிக்கும் அதில் பங்கிருக்கிறது. முன்பெல்லாம் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் வாட் கணக்கு மனம்போன போக்கில் எழுதப்பட்டது, 1990களில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்டுகளை அச்சிட்ட சிறு பெட்டிகள் நம் கடைகளில் விற்கப்பட்டதை அறிந்தோர்க்கு அந்த நிலை எளிதில் விளங்கும். இதைத் தடுக்க அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் கொண்டுவந்த விதி, இரு பக்கமும் ஒருசேர இயங்கும்போது தொடர்ந்து தரக்கூடிய திறனையே நிறுவனங்கள் குறிப்பிட வேண்டும் என்றதோடு, அளப்பதற்கு முன் கருவியை முழுத் திறனின் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும் என்றும் வகுத்தது. இவ்வகை ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்சிஸ்டர்கள் கடுமையாகச் சூடாவது முழுத் திறனில் அன்று, ஏறத்தாழ இந்த இடைநிலையில்தான். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்குவதற்காகவே மின்மாற்றியும், ஹீட்சிங்க் எனப்படும் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடுகளும் தாராளமாக வைக்கப்பட்டன. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த பயனீர் நிறுவனம் 1976இல் பக்கத்துக்கு 160 வாட் தரும் எஸ்.எக்ஸ்-1250ஐயும், 1978இல் 270 வாட் தரும் எஸ்.எக்ஸ்-1980ஐயும் வெளியிட்டது இந்த விதியின் கீழ்தான். 2000ஆம் ஆண்டில் அந்த மூன்றில் ஒரு பங்கு எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தப்பட்டது. வீட்டில் மிதமான ஒலியில் பாட்டுக் கேட்கும் ஒருவருக்கு, கடும் சோதனைக்கெனக் கட்டப்பட்ட கருவி எப்போதும் தன் வலுவில் ஒரு சிறு பகுதியை மட்டுமே செலவழித்தபடி இயங்கும். அதன் நீண்ட ஆயுளுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆனாலும் தேய்வு உண்டு, அது முதலில் வந்து சேரும் இடம் மின்பகு மின்தேக்கி. பழுது பார்ப்பவர்கள் இன்றும் கண்டன்சர் என்றே சொல்லும் இந்த உறுப்பைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு அலுமினியச் சுருள்களும், அவற்றுக்கிடையே மின்பகு திரவத்தில் ஊறிய தாளும், ஒரு சுருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமும் இருக்கும். மின்னைத் தடுத்துச் சேமிப்பது அந்தப் படலமே. அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. அது வறள வறள மின்தேக்கியின் உள்தடை ஏறி, சமன்படாத மின்னோட்டம் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற அடித்தொனியாகக் கேட்கத் தொடங்குகிறது. 85 பாகை வெப்பத்தில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிடப்பட்ட மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை குறையுந்தோறும் ஏறத்தாழ இருமடங்காகும் என்ற கணக்கின்படி, 45 பாகையில் 32,000 மணி நேரமாக நீள்கிறது. நாளுக்கு 4 மணி நேரம் கேட்கும் வீட்டில் அது சுமார் 22 ஆண்டு. மாறாக, பயன்படுத்தாமல் பரணில் போட்டு வைத்தாலும் அது கெடுகிறது. மின்னழுத்தமே இல்லாத ஆண்டுகளில் ஆக்சைடு படலம் நலிந்துவிடுவதால், நெடுநாள் உறங்கிய கருவியை எடுத்தவுடன் நேராகச் சுவர் மின்சாரத்தில் செருகுவது அதற்கு இழைக்கக்கூடிய பெருந்தீங்கு.

மற்றக் கோளாறுகளில் பல இதைவிட எளியவை. வால்யூம் குமிழின் கரகரப்பு, உள்ளே கரிப்பட்டையும் அதன்மேல் நகரும் உலோக நாக்கும் அழுக்கேறியதால் வருவது. அதற்குரிய திரவத்தைத் தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இயக்கியவுடன் இரண்டு மூன்று நொடி கழித்து ‘டக்’ என்று ஒலிக்கும் ரிலே, ஸ்பீக்கரைக் காக்கும் மின்காந்த விசை. அதன் தொடுமுனைகள் கறுத்துவிட்டால், மெல்லிய ஒலியில் ஒரு பக்கம் மறைந்து, ஒலியைக் கூட்டினால் திடீரென்று திரும்பும். கனமான உறுப்புகளின் கால்களைச் சுற்றிப் பற்றாசு வெடித்து மயிரிழை வளையம் போலத் தோன்றுவதை மெக்கானிக்குகள் ‘டிரை சோல்டர்’ என்கிறார்கள். மறுபடியும் சூடுகாட்டிப் பற்றவைப்பதே அதற்கு மருந்து. இன்னொன்று கோளாறே அன்று: அந்தக் கால ஆம்ப்ளிஃபயர்கள் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் உள்ளீட்டுக்கென அமைந்தவை, 1982இல் வந்த சி.டி. பிளேயரோ அதிகபட்சம் 2 வோல்ட் தருவது. ஆகவே குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் அறை நிறைந்துவிடுவதும், குமிழின் தொடக்கப் பகுதியில் இரு பக்கமும் சமமாக இல்லாமல் போவதும் கருவி கெட்டதற்கான அடையாளங்கள் ஆகமாட்டா. இக்காரணத்துக்காக விற்கப்பட்ட நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் இரக்கத்துக்குரியவை.

எல்லா மின்தேக்கிகளையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டுப் புதியன வைக்கும் பழக்கம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. ஆர்வம் மெச்சத்தக்கது என்றாலும், இம்முறை ஏற்கத்தக்கதன்று. எது கெட்டது என்று அளக்காமல் நூறு இடங்களில் பற்றாசை உருக்கினால், பழைய பலகையின் மெல்லிய செப்புத் தடங்கள் எங்கேனும் பெயர்ந்து, முன்பு இல்லாத ஒரு பழுது புதிதாக முளைக்கும். அதன்பின் எது பழைய நோய், எது கைபட்டு வந்த நோய் என்று பிரித்தறிவது கடினம்.

அளப்பது என்பது அச்சமூட்டும் வித்தையன்று. பின்புறம் எழுதியுள்ள மின்னழுத்தத்தைப் படிப்பதே முதல் வேலை; ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை, அவற்றை நம் 230 வோல்ட்டில் செருகினால் மற்ற ஆராய்ச்சிக்கு இடமிராது. அடுத்து ‘சீரிஸ் லாம்ப்’ எனப்படும் தொடர்விளக்கு: பழைய இழைக் குண்டு பல்பு ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் மின்வழியில் இணைத்தால், உள்ளே குறுக்குச்சுற்று இருக்கும்போது பல்பு பளீரென்று எரிந்து மின்னழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும், நலமாக இருந்தால் மின்தேக்கிகள் நிரம்பும் வரை ஒருமுறை ஒளிர்ந்து, பிறகு மங்கிவிடும். எல்.இ.டி. விளக்கு இவ்வேலைக்கு உதவாது. சூடேறச் சூடேறத் தடை கூடும் இழைதான் வேண்டும். பல்பு மங்கிய பிறகு, ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்க வேண்டும். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, சில வோல்ட் நின்றால் அது ஸ்பீக்கரின் கம்பிச்சுருளைக் கருக்கிவிடும். பின்னர் ஓய்வு மின்னோட்டம். இசை இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் வழியே சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருந்தால்தான், அலையின் மேல்பாதியைத் தரும் டிரான்சிஸ்டரிலிருந்து கீழ்பாதியைத் தருவதற்கு மாறும் இடத்தில் ஒலி நெளியாமல் இருக்கும். அதை நேரே அளப்பதில்லை. டிரான்சிஸ்டரோடு இணைந்த 0.5 ஓம் தடையின் இரு முனைகளுக்கிடையே 15 மில்லிவோல்ட் இருந்தால், பாய்வது 30 மில்லியாம்பியர் என்று வகுத்தல் சொல்லிவிடும்.

எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்து சர்வீஸ் மேனுவல்கள், அதாவது பழுதுநீக்கக் கையேடுகள், மின்சுற்று வரைபடத்தின் மேலேயே அச்சிட்டுத் தந்தன. பழைய ஆம்ப்ளிஃபயரின் மிகப்பெரிய மதிப்பு இதில்தான் இருக்கிறது. அதன் ஒலியில் கூட அவ்வளவு இல்லை. செய்தவர் நினைத்ததை நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் வேறொரு மனிதர் விரலால் தொட்டுப் படித்துக்கொண்டே போகலாம்: இந்த முனையில் 35 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 21 காட்டுகிறது, ஆகவே பழுது இதற்கு முன்னால் இருக்கிறது. இன்றைய விலை மலிந்த டி-வகை ஆம்ப்ளிஃபயரில், நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும் சிறு சில்லு ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. அது சூடாவது குறைவு, மின்சாரம் வீணாவதும் குறைவு, ஆனால் அதன் வரைபடத்தை வாங்குபவருக்குத் தருவோர் அரிது.

இனி, மனத்தைத் தேற்றிக்கொண்டு கைவிட வேண்டிய நிலைகளும் உண்டு. 1970களின் நடுவில் யமாகாவும் சோனியும் சில உயர்தரக் கருவிகளில் வி-ஃபெட் என்ற தனிவகை டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தின. ஜப்பானிய அறிவியலாளர் ஜுன்-இச்சி நிஷிசாவாவின் ஆய்விலிருந்து பிறந்த அந்த உறுப்பு, வெற்றிடக் குழாயின் இயல்பைக் குறைக்கடத்தியில் கொண்டுவந்த அரிய சாதனை, ஆனால் அதன் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அது எரிந்துவிட்டால், மற்றொரு செத்த கருவியிலிருந்து எடுத்தால்தான் உண்டு. பின்னாளில் பல நடுத்தர ஆம்ப்ளிஃபயர்கள், சான்யோ நிறுவனத்தின் எஸ்.டி.கே. என்ற கறுப்புக் கட்டியை நம்பியிருந்தன. வெளியீட்டுப் பகுதி முழுவதையும் ஒரே உறைக்குள் அடக்கிய அந்த உறுப்பு, சான்யோவின் குறைக்கடத்திப் பிரிவு 2011இல் அமெரிக்க நிறுவனமான ஆன் செமிகண்டக்டரிடம் கைமாறிய நிலையில், இன்று சந்தையில் பெரும்பாலும் போலியாகவே அகப்படுகிறது. தனி டிரான்சிஸ்டர்களிலும் இத்தொல்லை உண்டு, தோஷிபாவின் 2எஸ்.சி.5200, 2எஸ்.ஏ.1943 என்ற புகழ்பெற்ற இணையின் பெயரை அச்சிட்ட போலிகள் ஏராளம், உள்ளேயிருக்கும் சிலிக்கான் துண்டு அளவில் சிறியதாக இருப்பதால் அவை கொஞ்ச நேரம் பாடிவிட்டு எரிந்துபோகும். மின்மாற்றி கருகியிருந்தால் சுற்றுக் கணக்கை எண்ணி மறுசுற்று செய்யத் தெரிந்தவர் வேண்டும். நல்ல மின்மாற்றியும் அசல் டிரான்சிஸ்டர்களும் பிழைத்திருக்கும் கருவியைத் தயங்காமல் பழுது பார்க்கலாம். அவை இரண்டும் போய்விட்ட கருவிக்குச் செலவழிப்பது, பெயர்ப்பலகைக்குச் செலவழிப்பதாகவே முடியும்.

பழைய ஆம்ப்ளிஃபயரின் ஒலிக்கு ஒரு ‘கனிவு’ உண்டு, புதியவற்றில் அது இல்லை என்ற பேச்சை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். அந்தக் காலத்து நல்ல கருவிகள் பல தங்கள் ஒலித்திரிபை 0.1 முதல் 0.3 சதவீதம் என்று அறிவித்தன. மிதமான விலையில் கிடைக்கும் இன்றைய கருவிகள் பல 0.01 சதவீதத்துக்கும் கீழே அளக்கின்றன. கனிவு என்று கேட்பது சில நேரம் ஒலித்திருத்தக் குமிழ்களின் உதவி, சில நேரம் வறண்ட மின்தேக்கியின் குறை. சுத்தமான ஒலி மட்டுமே ஒருவரின் தேவை என்றால், அவர் புதியது வாங்குவதே நேர்மையான முடிவு. இசைத்தட்டுக் கேட்பவராயின், ஊசியின் நலிந்த குறிப்பை ஏற்கும் ஃபோனோ பகுதி புதிய கருவியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியவர்கள் சுமந்துவந்த ஜப்பான் செட்டுகள் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. சான்சுய் என்ற பெயரை இப்போது தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டும் காணும் இளையோர்க்கு, அது 1940களில் மின்மாற்றி செய்யும் தொழிலாகத் தொடங்கி, உலகின் சிறந்த ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றைச் செய்து, 2014இல் நொடித்துப்போன நிறுவனம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. உதிரி உறுப்புகள் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கக்கூடும். கிடைப்பதற்கு அரியவர், வானொலியும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்துக் கைதேர்ந்த மெக்கானிக். உறுப்பின் விலை சில நூறு ரூபாயாக இருக்க, பழுதைக் கண்டுபிடிக்க அவர் இரண்டு நாள் செலவிட நேரும்போது, உறுப்பின் விலையோடு ஒப்பிட்டு அவர் கூலியைப் பேரம் பேசுவது பெரும் அநீதி. பழுதைக் கண்டுபிடித்தமைக்குத் தனிக் கூலியும், பழுதை நீக்கியமைக்குத் தனிக் கூலியும் முன்கூட்டியே பேசிக்கொண்டால், ‘இது தேறாது’ என்று அவர் உண்மையைச் சொல்வதற்கும் தடையிராது.

தேறாது என்று ஆன கருவியையும் எடைக்குப் போட வேண்டியதில்லை. எடைக்கு வாங்குபவர் அதன் செம்பையும் அலுமினியத்தையும் பிரித்துவிட்டு மற்றதை எரிக்கவோ வீசவோ செய்வார். மெக்கானிக்கிடம் கொடுத்தால், கெடாத பக்கத்தின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும், குமிழ்களும், தேர்வு விசைகளும், முகப்புத் தகடும் அதே வகைக் கருவி இன்னொன்றுக்கு உதவும். இவற்றுள் தேர்வு விசையும் முகப்புத் தகடும் எந்தத் தொழிற்சாலையிலும் இனிச் செய்யப்படாதவை; அவற்றுக்காகவே மற்றொரு வீட்டில் ஒரு கருவி பாதி பிரிந்த நிலையில் காத்திருக்கலாம்.