கருகிய வரிசை

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். நெல்லில் நோய்ச் சோதனை நடத்தும் ஒருவர், தூர் கட்டி நிற்கும் நெற்குத்தின் இலைகளை இடது கையில் ஒரு பிடியாகச் சேர்த்துப் பிடிக்கிறார். வலது கையில் கத்தரிக்கோல். மக்கில் இருக்கும் மஞ்சள் கலங்கல் நீரில் அதை முக்கி எடுத்து, இலை நுனிகளை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிட்டு அடுத்த குத்துக்கு நகர்கிறார். பத்துக் குத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து முதுகை நீவிக்கொள்கிறார். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நடவுக்கார அம்மா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“நல்லா இருக்கற பயிர எதுக்கு சார் நறுக்குறீங்க? நடும்போது நாத்து நுனியக் கிள்ளாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அந்த வழியாத்தாம்மா நோய் உள்ள போவுது. நான் வேணும்னே போக வைக்கிறேன்.”

அந்த மக்கில் இருப்பது நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே. ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி வரை இருக்கும்படி கலக்கியது. இலை ஓரத்திலுள்ள நீர்த்துளைகள் வழியாகவும், காற்றில் இலையோடு இலை உரசிக் கிழிந்த காயங்கள் வழியாகவும் உள்ளே புகுந்து, நீர் ஏறும் குழாய்களிலேயே பெருகும். இலை நுனியிலிருந்து இரு ஓரமும் அலை அலையாகப் பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். விடியற்காலையில் அந்த ஓரங்களில் சிறு மஞ்சள் துளிகள் நிற்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறினால் அவை மணல்போல் காய்ந்துவிடும். சத்துக்குறைவால் நுனி காய்ந்ததா, நோயா என்று சந்தேகம் வந்தால், கருகல் தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டால் போதும். நோயாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல ஒன்று இறங்கும்.

இலை நுனியை நறுக்கி நோயேற்றும் இந்த முறையைக் காஃப்மனும் கூட்டாளிகளும் 1973இல் எழுதி வைத்தார்கள். அதற்கு முன்பு ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் வந்த பிறகு ஒரே சாயங்காலத்தில் நூற்றுக்கணக்கான ரகங்களைச் சோதிக்க முடிந்தது. முறை எளிது. கலங்கலை அன்றே கரைத்து அன்றே தீர்க்க வேண்டும். உச்சி வெயிலில் நறுக்கக்கூடாது. பதினான்கு, பதினைந்து நாள் கழித்து வெட்டுவாயிலிருந்து கருகல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப்படி 3 சென்டிமீட்டருக்குள் நின்றால் எதிர்ப்புள்ள ரகம், 9ஐத் தாண்டினால் நோய்க்கு இரையாகும் ரகம்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பச்சையாக நிற்கும் ஒரு பயிர் நோயைத் தாங்கி நிற்கிறதா, நோய் அதைத் தொடவே இல்லையா? தாங்கியது வேறு, தப்பியது வேறு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

இதை அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் அடுக்கிய சூளைக்குள், பார்வைத் துளைக்கு நேராக, விரல் நீளத்தில் கோன்கள் நிற்கும். ஜெர்மானியரான செகர் 1886இல் கொண்டுவந்த ஏற்பாடு அது: ஒவ்வொரு கோனும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இளகித் தலை சாயும்படி கலவை சேர்த்துச் செய்யப்பட்டது. கோன் சாய்ந்தால்தான் சூளைக்குள் அந்தச் சூடு வந்தது உறுதி. அது சாயாமல் நிற்கும்போது, கோப்பை விரிசல் இல்லாமல் இருக்கிறது என்று சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. இன்னும் அந்தச் சூடு வரவில்லை என்றுதான் பொருள்.

நெல் வயலில் அந்தக் கோன் வேலையைச் செய்வது டைச்சுங் நேட்டிவ் 1. 1960களின் நடுவில் தைவானிலிருந்து இந்தியாவுக்கு வந்த குட்டை ரகம். யூரியாவை வாரி இறைத்தாலும் சாயாமல் விளையும் என்பதால் கொண்டாடப்பட்டது. இலைக்கருகலுக்கு முன்னால் மட்டும் அது நிற்காது. விவசாயிகள் என்றைக்கோ கைவிட்ட அந்த ரகத்தை, நோய்ச் சோதனை நடக்கும் வயல்களில் மட்டும் இன்றும் வரிசைகளுக்கு இடையே நடுகிறார்கள். அது கருக வேண்டும். நுனியிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் வெளுத்து நின்றால்தான் பக்கத்து வரிசையின் பச்சைக்கு மதிப்பு.

ஒரு வருடம் அது கருகவில்லை. மழை பொய்த்துப் போயிருந்தது. கலங்கல் கரைத்து நேரமும் ஆகிவிட்டிருந்தது. பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால் வயல் முழுக்கப் பச்சை. டைச்சுங் வரிசையிலேயே கருகல் மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. அளந்ததை அளந்தபடி அனுப்பிவிடலாம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டில் அந்தப் பருவத்தின் பக்கம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்து, ‘சோதனை செல்லாது’ என்று எழுதினார். ஒரு வருட உழைப்பு போனதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு. கோடு போட்டதில் வருத்தம் இல்லை.

இப்படி வரிசை வரிசையாகக் கருக வைத்துத்தான் உலகம் எதிர்ப்பு ரகங்களைக் கண்டெடுத்தது. அவற்றில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளை. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பத்தில், ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் இணைசேர்த்து 1952இல் வெளியிட்ட டி.கே.எம். 6. பீகாரை இலைக்கருகல் சூறையாடியது 1963இல். இந்தியாவில் இந்த நோய் முறையாகப் பதிவானதே 1950களின் கடைசியில்தான். ஆகவே திரூர்க்குப்பத்தில் அந்தக் கதிரைத் தேர்ந்தெடுத்த கைகள் இந்த நோயை நினைத்துத் தேர்ந்திருக்க வழியில்லை. யாரும் கேட்காமலே அந்தக் குணம் விதைக்குள் உட்கார்ந்திருந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் டி.கே.எம். 6ஐப் பெற்றோராக வைத்து ஐ.ஆர். 20, ஐ.ஆர். 26 ஆகியவற்றை உருவாக்கியபோது அது அவற்றுக்கும் போயிற்று. அந்த மரபணுவுக்கு இப்போது எக்ஸ்.ஏ. 4 என்று பெயர். ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ்நாட்டு வயல்களை ஆண்ட ஐ.ஆர். 20 சோற்றைச் சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் அதோடு உறவு உண்டு.

இந்தக் கதையில் அவரை அதிகம் யோசிக்க வைப்பது ஜி.இ.பி. 24தான். கோயம்புத்தூரில் 1921இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்தச் சன்ன ரகம் டி.கே.எம். 6க்கு ஒரு பெற்றோர். பாபட்லாவிலிருந்து வந்த சம்பா மசூரி, அதாவது நம் ஊர்க்காரர்கள் பி.பி.டி. என்று சொல்லும் 5204, அதன் வம்சத்திலும் ஜி.இ.பி. 24 இருக்கிறது. ஒரே முன்னோர். ஒரு கிளை நோயைத் தாங்குவதில் உலகப் பெயர் வாங்கியது. இன்னொரு கிளை, சோற்றின் ருசிக்குப் பேர்போனது, கார்த்திகைக் காற்றில் முதலில் கருகுகிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்து யார் எப்படி என்று சொல்லவே முடியாது. கத்தரிக்கோல் பட்ட பிறகுதான் தெரியும்.

எதிர்ப்பு என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே தவிர, உள்ளே நடப்பது பல விதம். எக்ஸ்.ஏ. 4 செல்சுவரை இறுக்குகிறது. எக்ஸ்.ஏ. 21 பாக்டீரியா விடும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு செடியை உஷார்ப்படுத்துகிறது. மாலி நாட்டிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லில் கிடைத்தது அது. எக்ஸ்.ஏ. 13 இன்னும் விசித்திரம். பாக்டீரியா தன் புரதத்தை இலைச் செல்லுக்குள் அனுப்பி, சர்க்கரையை வெளியே விடும் குழாயைத் திறக்க வைக்கும். அப்படித்தான் அது சாப்பிடுகிறது. இந்த மரபணு உள்ள செடியில் அந்தக் குழாயின் கைப்பிடி சற்றே மாறியிருப்பதால் பாக்டீரியாவின் பிடி அதில் பொருந்தவில்லை. எக்ஸ்.ஏ. 5ல் மாறியிருப்பது ஒரே ஒரு அமினோ அமிலம். இதுவரை பெயரிட்ட மரபணுக்கள் நாற்பதுக்கும் மேல். அளவுகோலுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது, அதற்குத் தெரிந்தது சென்டிமீட்டர் மட்டும்.

கத்தரிக்கோல் ஏமாறும் இடமும் உண்டு. எக்ஸ்.ஏ. 21 உள்ள செடி நாற்றாக இருக்கும்போது நோய்க்கு வசப்படும். வளர வளரத்தான் அதற்குத் தெம்பு வரும். நாற்றங்காலிலேயே நறுக்கிப் பார்த்துத் தள்ளியிருந்தால், பல நாடுகளில் இன்று பயன்படும் ஒரு மரபணு குப்பைக்குப் போயிருக்கும். எந்த வயதில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துச் செடி பதில் சொல்கிறது.

எக்ஸ்.ஏ. 4 தனியாக நின்று காத்த காலமும் நீடிக்கவில்லை. அதே மரபணு லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே சமயம் நின்றபோது, அதைத் தாண்டத் தெரிந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் லட்சக்கணக்கான ஏக்கரில் கிடைத்தது. அதனால் இப்போது ஒன்றை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்க்கிறார்கள். ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, சம்பா மசூரிக்குள் எக்ஸ்.ஏ. 21, 13, 5 மூன்றையும் ஏற்றி, மேம்படுத்திய சம்பா மசூரியாக 2008இல் வெளியிட்டார்கள். மூன்று மரபணுக்கள் உள்ளே இருக்கின்றனவா என்று டி.என்.ஏ. குறியீட்டை வைத்துப் பார்க்கலாம். அவை வயலில் வேலை செய்கின்றனவா என்று பார்க்க மறுபடியும் கத்தரிக்கோலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பி.பி.டி. போட்டிருக்கும் விவசாயி இந்தப் பெயர்களை எல்லாம் கேட்டு என்ன செய்வார்? கருகல் கண்டால் யூரியாவை நிறுத்துங்கள், கருகிய வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாயவிடாதீர்கள், புதுச் சாணியைக் கரைத்து வடிகட்டித் தெளியுங்கள் என்றுதான் அவரும் சொல்கிறார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை விதையாகத்தான் கையில் கொடுக்க முடியும்.

அறுவடை முடிந்து களம் காலியான பிறகு அவருக்கு இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. சோதனை வயலின் டைச்சுங் வரிசைகள் கருகி, கதிர் பதராகிவிட்டன. அடுத்த சம்பாவுக்கு அந்த விதை வேண்டும். தை பிறந்ததும் நவரைப் பட்டத்தில், பனி குறைந்து வெயில் ஏறும் நாட்களில், மற்ற பாத்திகளிலிருந்து ஒதுங்கி ஒரு சின்னப் பாத்தியில் அதை விதைக்கிறார். அங்கே கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. யூரியாவையும் கிள்ளித்தான் வைக்கிறார். தினமும் காலையில் போய் இலை ஓரங்களில் மஞ்சள் துளி நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். அந்த நடவுக்கார அம்மாதான் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறார்.