ஏரிக்கரைக் கணக்கு

காஞ்சிபுரத்து நெசவாளர் பாவு நூலை எண்ணும்போது நூல் அசைவதில்லை; ஐயம் எழுந்தால் மீண்டும் எண்ணலாம். அந்நகருக்குத் தெற்கே வேடந்தாங்கலில் பறவைகளை எண்ணுவோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று செங்கல்பட்டைச் சேர்ந்தது.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பதை இவ்வூர் உழவர்கள் அறிந்திருந்தனர். ஆங்கிலேயப் படைவீரர்கள் அவற்றைச் சுட்டபோது, ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு ஆணை பெற்றனர். அப்பறவைகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்பதே இன்றைய கேள்வி.

நீர்க்காகம் மூழ்கிவிடும், கூடுகளோ நீர்க்கடம்பின் இலைகளுக்குள் மறைந்திருக்கும். ஆகவே, கண்ட எண்ணிக்கை உள்ள எண்ணிக்கை ஆகாது. காணாமல் விடுபட்டதையும் மதிப்பிடப் புள்ளியியலில் வழி உண்டு. ஒரே மரத்தொகுதியில் ஒருவர் 80 கூடுகளையும், அவரைக் கலந்துகொள்ளாமல் மற்றொருவர் 60 கூடுகளையும் குறித்தனர் எனக் கொள்க. இருவர் குறிப்பிலும் இடம்பெற்றவை 48. இரண்டாமவர் கண்ட 60இல் 48ஐ, அதாவது ஐந்தில் நான்கு பங்கை, முதலாமவர் கண்டிருக்கிறார். அவ்வாறெனில், அவர் கண்ட 80உம் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கே. மொத்தம் ஏறத்தாழ 100. எவரும் காணாத கூடுகளும் இக்கணக்கில் அடங்கிவிடுகின்றன! இருவருக்கும் ஒரே கூடுதான் கண்ணில் எளிதில் படும் என்றால் மட்டும் கணக்கு குறைந்துவிடும்.

காலத்தோடு இடமும் சேராவிட்டால் இக்கணக்கு ஏமாற்றும். மழை பொய்த்த ஆண்டில் வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரைகள் குறைந்தால், அவை அழிந்தன என்பதா, நீருள்ள வேறு ஏரிக்குச் சென்றன என்பதா? அருகிலுள்ள கரிக்கிலியையும் பெயர் பெறாத சிற்றேரிகளையும் அதே பருவத்தில் எண்ணினாலன்றி விடை கிடைக்காது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடப்பது இதற்காகவே.

எண்ணுவோர் பெருகினாலும் பறவை பெருகியதுபோல் தோன்றும். எனவே, மொத்தத்தை விடுத்து, நூறு பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் இடம்பெற்றது என்று பார்க்கின்றனர். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது; அவற்றுள் நெடுங்கால மாற்றத்தைக் கணிக்கப் போதிய தரவு 338 இனங்களுக்கே இருந்தது. அவற்றில் அறுபது விழுக்காடு குறைந்துள்ளன.

ஆகவே, வறண்ட ஏரிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்புபவரும் இடம், நாள், நேரம் எழுதி, எதிரே 0 என்று குறித்தாக வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், பறவை வராத ஏரியும் ஆள் போகாத ஏரியும் ஏட்டில் ஒன்றாகவே நிற்கும்.