டிரைலரும் படகும்: செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

சொந்தமாகப் படகு என்றால் கோடீஸ்வரர் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். ஆஸ்திரேலியாவில் அப்படியில்லை. பதினைந்து, பதினாறு அடி நீளத்தில் ஒரு அலுமினியப் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின், அதைச் சுமக்க இரண்டு சக்கர டிரைலர். நடுத்தரக் குடும்பங்களிலும் இது உண்டு. வாரம் முழுக்க வீட்டு வாசலில் நிற்கும். சனிக்கிழமை விடிகாலையில் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் படகு தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிட டிரைலரில் இருக்கும் நேரம்தான் பல மடங்கு அதிகம். ஆனால் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட டிரைலரைக் கண்டுகொள்வதில்லை. படகு ஏறி உட்கார்ந்துவிட்டதா? கயிறு கட்டியாச்சா? போதும், புறப்படு! பழைய டிரைலரில் புதுப் படகை ஏற்றும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. அந்த டிரைலர் வேறொரு படகின் அளவுக்குப் பொருத்தப்பட்டது. செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதைதான்.

முதல் விஷயம், படகு எதன்மேல் உட்காருகிறது என்பது. தண்ணீர் படகின் அடிப்பாகம் முழுவதையும் ஒரே சீராகத் தாங்குகிறது. டிரைலரால் அது முடியாது. சில உருளைகளும் இரண்டு நீளக் கட்டைகளும்தான் மொத்த எடையையும் வாங்கிக்கொள்கின்றன. கம்பளம் சுற்றிய அந்தக் கட்டைகளுக்குப் பங்க் என்று பெயர். (பெட்ரோல் பங்க்கோ, கிளாஸை பங்க் அடிப்பதோ ஞாபகத்துக்கு வர வேண்டாம் :-) )

இந்தக் கட்டைகள் படகின் பின்சுவர் வரைக்கும் கட்டாயம் நீண்டிருக்க வேண்டும். காரணம் எளிது. எஞ்சின் தொங்குவது அந்தப் பின்சுவரில்தான். 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டை அரை அடி முன்னாலேயே முடிந்துவிட்டால், அத்தனை எடையும் ஆதாரமில்லாமல் அந்தரத்தில் தொங்கும். சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குத்து. கட்டை முடிகிற இடத்தில் படகின் அடிப்பாகம் மெல்ல மெல்ல வளையத் தொடங்கும். ஒரு நாளில் தெரியாது. நாளாக ஆக, படகு தண்ணீரில் ஓடும்போது மூக்கைக் கீழே அமுக்கும், வேகம் குறையும். உரிமையாளர் எஞ்சின் மேல் சந்தேகப்பட்டு மெக்கானிக்கைத் தேடி அலைவார். குற்றவாளியோ வாசலில் சாதுவாக நின்றுகொண்டிருக்கும்!

இரண்டாவது விஷயம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம், பின்பாரம் என்பார்கள். பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும். முன்னால் கூடினால் கழுத்தை அழுத்தும். அதனால் வண்டிக்காரர் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தில் கொஞ்சம் பாரம் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். டிரைலரும் அதே இரண்டு சக்கர வண்டிதான். மாட்டின் இடத்தில் கார் இருக்கிறது, அவ்வளவே.

டிரைலரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவான கணக்கு. அமெரிக்காவில் டிரைலர்களுக்குப் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் என்பார்கள், படகு டிரைலர் என்றால் இன்னும் கொஞ்சம் குறைவாகவும் ஒத்துக்கொள்வார்கள். ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். ரொம்பக் குறைந்தால் அதைவிட மோசம். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் டிரைலர் பாம்புபோல நெளிய ஆரம்பிக்கும். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும். கடைசியில் காரையே இழுத்துக்கொண்டு போய்விடும். எதிரே வருகிறவருக்குப் படகும் தெரியாது, டிரைலரும் தெரியாது. ஆனால் விலை கொடுப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

வணிகவியல் பாஷையில் சொன்னால், இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் டேலி ஆனால் மட்டும் போதாது. எந்தத் தொகை எந்த இடத்தில் பதிவாகியிருக்கிறது என்பதும் முக்கியம். ஓர் உதாரணம். படகு, எஞ்சின் எல்லாம் சேர்த்து 700 கிலோ, டிரைலர் 300 கிலோ, மொத்தம் 1000. அச்சிலிருந்து கொக்கிவரை 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகை வெறும் 10 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் மூக்கு எடை சுமார் 16 கிலோ கூடும். ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை, இடம் மட்டும்தான் மாறியது.

"அப்படியானால் படகையே முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். நிறையப் பேர் செய்வதும் அதைத்தான். மூக்கு எடை அதிகமாக இருக்கிறதென்று படகைப் பின்னால் தள்ளுவார்கள். உடனே பின்சுவர் கட்டைகளைத் தாண்டி அந்தரத்துக்குப் போய்விடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டது!

எனவே வரிசைதான் இங்கே சூட்சுமம். முதலில் படகின் பின்சுவர் கட்டைகளின் முடிவில் சரியாக உட்கார வேண்டும். அடுத்து, படகின் மூக்கு முட்டி நிற்கும் ரப்பரையும் வின்ச் இருக்கும் தூணையும் நகர்த்தி, அந்த நிலைக்குப் பொருத்த வேண்டும். கட்டைகள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கத்து டயர் மட்டும் கூடுதலாகச் சுமக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மூக்கு எடையைப் பார்க்க வேண்டும். அது சரியில்லை என்றால் நகர வேண்டியது படகு இல்லை, அச்சு. பல டிரைலர்களில் அச்சு யூ போல்ட்டில்தான் பிடித்திருக்கும், தளர்த்தி நகர்த்தலாம். பின்னால் நகர்த்தினால் மூக்கு எடை கூடும், முன்னால் நகர்த்தினால் குறையும். மேலே சொன்ன உதாரணத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ. வெல்டிங் வைத்த அச்சு என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உடல் எடை பார்க்கும் தராசே போதும். அது தாங்காது என்று பயமாக இருந்தால், ஒரு உறுதியான பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறுமுனையைத் தராசின்மேலும் வைக்கலாம். டிரைலரின் மூக்கு செங்கல்லிலிருந்து ஒரு அடி, தராசிலிருந்து இரண்டு அடி தூரத்தில் பலகையில் அழுத்த வேண்டும். பலகையால் வரும் எடையைக் கழித்துவிட்டு, தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் தத்துவம் இதற்காவது உதவட்டும்.

ஒருமுறை அளந்ததோடு கதை முடிவதுமில்லை. புகை மாசைக் குறைப்பதற்காக, பழைய பாணி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் இறக்குமதியை ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலும் விற்பனையை 2019 ஜூலையிலும் நிறுத்தியது. பழைய எஞ்சின் போனதும் பலர் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறினார்கள். அதே திறனுக்கு அது பொதுவாக எடை கூடியது. அதோடு ஒரு பெரிய பேட்டரி, கூடுதலாக 40 லிட்டர் பெட்ரோல்... எல்லாம் சேர்ந்து அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 70 கிலோ ஏறினால், மேலே சொன்ன டிரைலரில் மூக்கு எடை ஏறக்குறைய 19 கிலோ குறைந்துவிடும். டிரைலர் அதேதான், படகும் அதேதான். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் மாறியிருக்காது. நெடுஞ்சாலைக்குப் போனால்தான் தெரியும்.

படகில் எதை மாற்றினாலும் டிரைலரையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ஒரு ஸ்பேனர், ஒரு தராசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செலவு அவ்வளவுதான்.