மூன்றாம் நாள் வலி

ஐம்பது வயதைக் கடந்தபின் ஓடப் பழகுவது, பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து அரிச்சுவடி படிப்பதைப் போன்றது. வெட்கமும் உண்டு, விளங்காத ஓர் உவகையும் உண்டு. இரண்டையும் ஒருசேர அனுபவித்தவர்கள் நாங்கள்.

சென்ற மார்கழியில் எங்களுள் ஒருவருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறினார். எவருக்கு என்பது இங்கே முக்கியமன்று. முப்பது ஆண்டுகளாக ஒரே அடுக்களையில் உண்பவர்களுக்கு நோயும் பொதுச்சொத்துதான். "நடங்கள். முடிந்தால் மெல்ல ஓடவும் பழகுங்கள். வெறுங்காலோடு மட்டும் போகாதீர்கள்" என்றார் அவர். அந்தக் கடைசிச் சொல் எங்களைச் சுட்டது. எங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவர் இதே நோயால் ஒரு காலை இழந்தவர். உடைமுள் தைத்ததை அவர் உணரவேயில்லை. புண் புரையோடிய பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

ஆழ்வார்திருநகரியிலே, உறங்காப்புளியின் அடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் அசையாமல் யோகத்தில் வீற்றிருந்தார் என்பது மரபு. அசையாதிருந்தவரின் ஊரில் நாங்கள் ஓடத் தொடங்கினோம்! தை பிறந்த மறுநாள், விடியுமுன் புறப்பட்டு, வாழைத் தோட்டங்களின் ஓரமாகத் தாமிரபரணிக் கரை வரை சென்று, சரிவில் இறங்கி, ஏறி, நாற்பது நிமிடங்களில் திரும்பினோம். அன்று மாலைவரை ஒரு வலியும் இல்லை. 'இவ்வளவுதானா?' என்று எங்களையே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் காலை திண்ணையிலிருந்து இறங்க முடியவில்லை. தொடையும் கெண்டைக்காலும் கல்லாய் இறுகியிருந்தன. ஏறுவதைவிட இறங்குவதே பெரும்பாடு. மூன்றாம் நாள் வலி இன்னும் மிகுந்தது. ஆயினும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. 'சொன்னால் மற்றவர் ஓட்டத்தை நிறுத்திவிடுவாரே' என்ற அச்சம். அன்றிரவு நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி இருவரும் ஒரே நேரத்தில் அடுக்களைக்கு நொண்டிச் சென்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சிரித்தோம்; சிரிக்கவும் வலித்தது.

அந்த வாரம் திருச்செந்தூருக்குப் பச்சையுடுத்திப் பாதயாத்திரை செல்வோர் எங்கள் தெருவழியே போயினர். தண்ணீர் கேட்டு நின்ற ஓர் ஆச்சி எங்கள் நடையைப் பார்த்து நகைத்தார். "ஒரே நாள்ல ஊரைச் சுத்திட்டியளாக்கும்? நாங்க பொறப்படுததுக்கு ஒரு மாசம் முன்னாலயே கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகிருவோம்யா. காலை வையாதிய, அது கேக்க ஓய்வைக் குடுங்க."

ஆச்சி சொன்னதையே மருத்துவ நூல்களும் சொல்கின்றன. பழகாத தசை, பாரத்தைத் தாங்கியபடியே நீளும்போது அதன் நுண்ணிழைகள் சிறிது சிதைகின்றன. இறக்கத்தில் ஓடுகையில் இது மிகுதி. அதைச் செப்பனிட உடல் முனையும்போது எழுவதே இவ்வலி. இழைகளின் சிதைவே காரணமாகலாம் என்று 1902-இலேயே அமெரிக்க உடலியலறிஞர் தியோடர் ஹஃப் கருதினார். பலரும் பழிசுமத்தும் லாக்டிக் அமிலமோ, ஓடி முடித்த ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தசையைவிட்டு நீங்கிவிடும். வலி 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைந்து, ஒரு வாரத்திற்குள் தணியும். அதே உழைப்பை அடுத்த முறை செய்யும்போது வலி குறைந்திருக்கும். தசை பாடம் கற்றுக்கொள்கிறது.

எல்லா வலியும் இத்தகையதன்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறுதல், முன்னங்கால் எலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்துதல், சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை எண்ணெய்க் கிண்ணத்தால் தீர்வன அல்ல. உடனே மருத்துவரிடம் செல்லவேண்டியவை.

இவ்வேளையில் மருத்துவர் பால் பிராண்ட் எங்கள் நினைவுக்கு வந்தார். கொல்லிமலையில் வளர்ந்த அவர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளருக்குப் பணியாற்றினார். அவர்களுடைய விரல்களும் பாதங்களும் அழிவது பெரும்பாலும் வலியுணர்வு மறைந்து காயங்கள் கவனிக்கப்படாமற் போவதால்தான் என்று அவர் கண்டார். பின்னாளில் சர்க்கரை நோயாளரின் பாதங்களிலும் அதையே கண்டார். வலி ஒரு கொடை என்று 1993-இல் நூலும் எழுதினார்.

எங்கள் பெரியவருக்குக் கிட்டாத கொடை அதுவன்றோ! அவருடைய கால் ஒருநாள் முனகியிருந்தால் அது இன்றும் இருந்திருக்கும்.

அதன்பின் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று வகுத்துக்கொண்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள், அளவான காலணி, இறக்கத்தில் நடை மட்டுமே. பங்குனியில் இருபது நிமிடம் இடைவிடாது ஓட முடிந்தது. சர்க்கரையும் சற்றுத் தணிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார்.

இப்போதும் சில காலைகளில் கெண்டைக்கால் வலிக்கிறது. அதை ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை. இரவில் உறங்கும்முன், ஒருவர் பாதத்தை மற்றவர் விளக்கொளியில் ஏந்தி, முள்ளோ கீறலோ உண்டா என்று விரலிடுக்குவரை பார்க்கிறோம். "வலிக்கிறதா?" என்று கேட்டு, "வலிக்கிறது" என்ற விடை வரும்போது, நிம்மதியோடு விளக்கை அணைக்கிறோம்.