ஆள் இருப்பது தெரியாத பெட்டி

டிசம்பர் 12, 2023

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிறார். அதன் வயர் கீழே ஒரு பழைய மடிக்கணினிக்கு வருகிறது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் அண்ணன் மகனுக்குக் கிடைத்தது அது. திரை உடைந்ததால் மூடியபடியே கிடக்கிறது. டெபியன் 12 ஏற்றி, இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய்ப் பார்த்துக்கொள்கிறார்.

பதிவில் ஓட்டை விழுகிறது. கணினி எழுந்து இருபது நிமிடத்தில் மறுபடி தூங்கிவிடுகிறது.

டிசம்பர் 14

முதல் சந்தேகம் மூடியின் மேல். மூடியிருந்தால் சஸ்பெண்டுக்குப் போவதுதான் சிஸ்டம்டியின் இயல்பு. லாக்இன்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் வரியை ‘இக்னோர்’ ஆக்கினார். பலனில்லை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அண்ணன் மகன் போனில் சிரித்தான். “அத்தை, க்னோம் போட்டிருக்கீகல்லா? அதோட லாகின் திரை கீபோர்டையும் மவுசையும்தான் பாக்கும். நீங்க எஸ்எஸ்ஹெச்ல உள்ள உக்காந்திருந்தாலும் அதுக்கு ஆளில்லாத வீடுதான்.”

அவன் சொன்னபடி ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஹைப்ரிட்-ஸ்லீப் என்ற நான்கு டார்கெட்டுகளையும் சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையால் அடைத்தார். முரட்டு வைத்தியம்தான். ஆனால் கேட்கிறது.

டிசம்பர் 15

ஓட்டை இல்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

விடாத மழை. மழைமானியின் வாளி கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழ வேண்டும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. குழந்தைபோல் குதூகலித்தார். இரவில் கரண்ட் போனது. பேட்டரி தாங்கியது.

டிசம்பர் 18

பதிவு விடியும் முன்பே நின்றுவிட்டது. தூக்கத்தை அடைத்த பெட்டி, பேட்டரி தீரும்வரை முழு விழிப்பில் ஓடி அணைந்திருக்கிறது. வானிலைத் துறையின் வழக்கப்படி 8.30 மணிக்குக் கை அளவை எடுக்கக் குடையுடன் மாடியேறினார். சாதாரணக் குடுவை வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு பெய்தது என்பதற்கு இனிக் கணக்கே கிடையாது.

கொக்கிரகுளம், ஜங்ஷன் எல்லாம் தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. என்கிறார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது, நூற்றுக்கணக்கானோர் உள்ளே.

அண்ணன் மகன் போன் அடிக்கவே இல்லை.

டிசம்பர் 19

சுவிட்ச் ஆஃப்.

டிசம்பர் 21

மதியம் புது எண்ணிலிருந்து அழைப்பு. மாடியில்தான் இருந்திருக்கிறார்கள், எல்லோரும் நலம். டவர் இல்லை, சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். “எத்தனை தடவ அடிச்சேன் தெரியுமாடே” என்று திட்டிவிட்டு, போனை வைத்தபின் அழுதார்.

மாலையில் லாக்இன்டி.கான்ஃபை மறுபடி திறந்து ஐடில்ஆக்‌ஷன் வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றவில்லை.

ஜனவரி 6, 2024

ஆர்டிசிவேக் கட்டளையைச் சோதிக்கிறார். குறித்த நேரம் தூங்கவைத்து, மதர்போர்டின் கடிகாரமே எழுப்பும். மாஸ்க்கையும் அது மதிப்பதில்லை. கெர்னலிடம் நேராகப் பேசிவிடும். கரண்ட் இல்லாத இரவில் விட்டுவிட்டுத் தூங்கினால் பேட்டரி நீளும். ஆனால் தூங்கும்போது கவிழ்கிற வாளியை யார் எண்ணுவது? விழித்தே கிடந்து சில மணிநேரத்தை முழுசாக வாங்குவதா, இரவு முழுக்க அரைகுறையாக வாங்குவதா?

இன்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். கணினி சொன்ன நேரத்துக்கு எழுந்தது. மழைமானியின் யுஎஸ்பி எழவில்லை.