கண்ணுல பூ விழுந்த கதை

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன் மக்களே. நான் டாக்டர் இல்லை. கடையில கணக்கு எழுதுறவன். கண்ணுல ஏதாவது பட்டா இந்தப் பதிவைப் படிச்சுட்டு நீங்களா வைத்தியம் பண்ணாதீங்க. அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போயிடுங்க. ஏன் இப்படிக் கெஞ்சறேன்னு கீழ வரும்.

பெரம்பலூர்னா பஸ்ல தாண்டிப் போறவங்களுக்கு நாலுவழிச் சாலையும் டீக்கடையும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். வேப்பந்தட்டை பக்கம் மார்கழி, தை மாசத்துல வந்து பாருங்க, ரோட்டுல பாதியை அடைச்சு சோளம் காயப் போட்டிருப்பாங்க. கதிர் உடைக்கும்போது தோகை நல்லா காஞ்சு அரம் மாதிரி இருக்கும். கையில கோடு கோடா கிழிக்கும். சாயந்தரம் குளிக்கறப்ப எரியும், அவ்வளவுதான். கைதானே, ஆறிடும்.

2011 ஜனவரி 4, செவ்வாய்க்கிழமை. எங்க பெரியம்மா கதிர் உடைச்சுட்டு இருந்தப்ப ஒரு தோகை வலது கண்ணுல அடிச்சிடுச்சு. தண்ணி ஊத்திக் கழுவிட்டு மறுபடி வேலைக்குப் போயிடுச்சு. ராத்திரி உறுத்தல். பக்கத்து வீட்டுல கைக்குழந்தைக்காரி இருந்தா, அவகிட்ட தாய்ப்பால் வாங்கி ரெண்டு சொட்டு விட்டாங்க. மறுநாள் நந்தியாவட்டைப் பூவை கண்ணுல வெச்சுக் கட்டினாங்க. சிரிக்காதீங்க, உங்க ஊர்லயும் இதேதான் நடந்திருக்கும். 1990-கள்ல மதுரையில கருவிழிப் புண்ணோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை விசாரிச்சப்ப, கிட்டத்தட்ட பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு நாட்டு வைத்தியம் பண்ணிட்டுதான் வந்திருக்காங்க.

சனிக்கிழமை நான் திருச்சியிலிருந்து ஊருக்கு வந்தேன். கண்ணு செவசெவன்னு இருந்துச்சு. போன வருஷம் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தப்ப டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார், ரெண்டே நாள்ல சிவப்பு போயிடுச்சு. அந்தப் பேரு எனக்கு மனப்பாடம். நேரா மெடிக்கலுக்குப் போய் பேரைச் சொன்னேன், கொடுத்தாங்க. சீட்டு எதுவும் கேட்கலை. நானும் படிச்சவன் தோரணையில "நாலு வேளை விடு பெரியம்மா"ன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் பஸ் ஏறிட்டேன். போன்ல கேட்டா "வலி கொறஞ்சிருச்சுடா"ன்னுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

பொங்கலுக்கு அரியலூர்ல கட்டிக் கொடுத்த அக்கா வந்தா. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு அம்மா முகத்தைப் பகல் வெளிச்சத்துல பார்த்தவ அலறிட்டா. கருவிழி நடுவுல சாம்பல் கலர்ல ஒரு திட்டு, ஓரமெல்லாம் பிசிறு பிசிறா. திங்கட்கிழமை காலையில மூணு பேரும் வெளியூர்ல ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க ஒரு டாக்டரம்மா. "எதுனால அடிபட்டுச்சு?"

"சோளத்தோகை தாயி."

"என்ன மருந்து விட்டீங்க?"

அக்கா பர்ஸ்ல இருந்து பாட்டிலை எடுத்து நீட்டினா. லேபிளைப் படிச்சுட்டு, "இதை யாரு எழுதிக் கொடுத்தா?"ன்னாங்க. நான் வாயைத் திறக்கலை. பெரியம்மாதான் முந்திக்கிட்டு, "எந் தங்கச்சி மவன் வாங்கியாந்தான் தாயி. அதுலதான் வலியே கொறஞ்சுச்சு"ன்னு என்னைக் காட்டுச்சு.

டாக்டரம்மா திட்டலை. புண்ணுல இருந்து துளியூண்டு சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டுல வெச்சு ஒரு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. காளான். பூஞ்சைன்னு சொல்வாங்களே, அதேதான். நூல் நூலா இருந்துச்சாம். செடியில, மண்ணுல, காஞ்ச தோகையில எல்லாம் இருக்கற சமாச்சாரம். தோகை கிழிச்ச கோடு வழியா உள்ள போய் உட்கார்ந்திருக்கு. நான் வாங்கிக் கொடுத்த பாட்டில்ல ஆன்ட்டிபயாட்டிக்கோட ஸ்டீராய்டும் கலந்திருந்துச்சு. கண்ணு சிவக்கறதும் வலிக்கறதும் உடம்பு சண்டை போடறதோட அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடும். சிவப்பு குறையும், வலி குறையும், பூஞ்சை நிம்மதியா சாப்பிடும். ஒன்பது நாள் நான் அதுக்குக் காவல் வெச்சிருக்கேன்.

அப்புறம்தான் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க வயித்தெரிச்சல்தான். எல்லாம் நம்ம பக்கத்துலயே கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க சாமி!

1994-ல ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் மூணே மாசத்துல மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த கருவிழிப் புண்காரங்க 434 பேர். டாக்டர் எம். சீனிவாசனும் கூட இருந்தவங்களும் ஒவ்வொருத்தர் புண்ணையும் சுரண்டிப் பரிசோதனை பண்ணினாங்க. மூணுல ரெண்டு பேருக்கு அடிபட்டுதான் ஆரம்பிச்சிருக்கு, அதுல பெரும்பாலும் வயக்காட்டு வேலையில. கிருமி கிடைச்சதுல ஏறக்குறைய பாதி பூஞ்சை. குளிர் நாட்டுப் புத்தகங்கள்ல பூஞ்சைப் புண் அபூர்வம்னு ஓரமா போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல அது பாதிக்குப் பாதி.

அடுத்ததுதான் என்னைத் தூங்க விடாதது. நேபாளத்துல பக்தபூர்னு ஒரு இடம். கருவிழியில கீறல் பட்டவங்களுக்குக் கிராம சுகாதாரப் பணியாளர்களே சாதாரண குளோராம்ஃபெனிகால் களிம்பை மூணு நாள் போட்டாங்க. 2001-ல முடிவு வந்துச்சு. மொத்தம் 442 கீறல். 18 மணி நேரத்துக்குள்ள களிம்பு போட்டவங்க 284 பேர், அதுல ஒருத்தருக்குக்கூட புண் வரலை. ஒரு நாளுக்கு மேல, ரெண்டு நாளுக்குள்ள வந்தவங்க 49 பேர், அதுல 14 பேருக்குப் புண். நம்ம பக்கம் பூஞ்சை அதிகமாச்சே, அதனால மதுரை மாவட்டத்துல பூஞ்சை மருந்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாங்க. 48,000 பேர் இருக்கற கிராமங்கள்ல 18 மாசம். கீறல் பட்ட 374 பேர்ல 368 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாம ஆறிடுச்சு. அந்த முடிவு வெளிவந்தது 2006-ல. பெரியம்மாவுக்கு அடிபட்டது 2011-ல. மதுரைக்கும் வேப்பந்தட்டைக்கும் நடுவுல அப்படி என்னதான் தூரம் இருக்குன்னு நினைச்சுப்பேன்.

களிம்பு ஏதோ மந்திரம்னும் சொல்ல மாட்டேன். பின்னாடி நேபாளத்துலயே கிராமங்களைச் சீட்டுப் போடற மாதிரி ரெண்டு பங்கா பிரிச்சு, பெரிய அளவுல இதையே சோதிச்சாங்க. 2022-ல வந்த முடிவு, களிம்பு கொடுத்த ஊர்களுக்கும் கொடுக்காத ஊர்களுக்கும் வித்தியாசம் இல்லைன்னு சொல்லுச்சு. கண்ணுல அடிபட்டவங்க அதை அடின்னு நினைச்சு எழுந்து வரணுமே. எங்க பெரியம்மா வாசல்லயே களிம்பை வெச்சிருந்தாலும் அன்னைக்கு கதிர் உடைக்கத்தான் போயிருக்கும். இது என் கணிப்புதான்.

அவங்க எழுதிக் கொடுத்த மருந்து நாட்டமைசின். பால் மாதிரி வெள்ளையா அடியில தங்கும், நல்லா குலுக்கி விடணும். முழிச்சிருக்கற நேரமெல்லாம் மணிக்கொருதரம். கண்ணோரத்துல சுண்ணாம்பு மாதிரி படியும், பஞ்சால துடைச்சு விடணும். அக்கா அரியலூர்ல தன் வீட்டுலயே அம்மாவை வெச்சுக்கிட்டு, ரெண்டு மாசம் செல்போன்ல அலாரம் வெச்சு விட்டா. அதே சமயத்துலதான் அரவிந்த் ஆஸ்பத்திரிகள்ல 323 பேரை வெச்சு ஒரு சோதனை நடந்துட்டு இருந்திருக்கு. பழைய நாட்டமைசின் நல்லதா, புதுசா வந்த விலை கூடின வோரிகோனசோல் நல்லதான்னு. எந்தப் பாட்டில்ல எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்களும் சேர்ந்து பண்ணினது. எல்லாரும் புதுசுதான் ஜெயிக்கும்னு நினைச்சிருப்பாங்க. 2013-ல வெளியான முடிவுல பழசுதான் ஜெயிச்சுது, கண்ணு ஓட்டையாகறதும் அதுல குறைவு. தென்னாப்பிரிக்கா மண்ணுல 1950-கள்ல கிடைச்ச ஒரு நுண்ணுயிர்ல இருந்து எடுத்த மருந்து அது. சீஸ் மேல பூஞ்சை பிடிக்காம இருக்கவும் அதைத்தான் தடவறாங்களாம்! 2017-ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துச்சு.

பெரியம்மா கண்ணு தப்பிச்சுது, ஓட்டையாகலை. ஆனா நடுவுல பூ விழுந்துடுச்சு. அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியும், ஆள் அசையறது தெரியும், யாருன்னு தெரியாது. மாத்துக் கண் ஆபரேஷன் பண்ணலாம்னு சொன்னாங்க. "இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு, போதும்"னுடுச்சு.

நான் செஞ்சது என்னன்னு அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராண்டாவுலயே சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதடா"ன்னா. சரின்னுட்டேன். ரெண்டு மூணு தடவை சொல்ல வாயெடுத்திருக்கேன், வரலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பக்கத்து வீட்டுப் பையன் கண்ணைக் கசக்கிட்டே வந்தான், சோளத்தூசி விழுந்துடுச்சாம். பெரியம்மா திண்ணையில உட்கார்ந்தபடியே, "தம்பி, எனக்கு ஒரு மருந்து வாங்கியாந்தியே, டக்குனு வலி கொறஞ்சுச்சே, அது பேரு என்னடா?"ன்னு கேட்டுச்சு.

நான் அந்தப் பையனை வண்டியில ஏத்திக்கிட்டு பெரம்பலூருக்குக் கிளம்பிட்டேன்.